20 ஆண்டு ஓடும் ஸ்டீரியோ ஸ்பீக்கர்: அளவான பணத்தில் தேர்ந்தெடுப்பது எப்படி

ஆம்ப் (ஒலிச் சிக்னலை வலுவாக்கும் ஆம்ப்ளிஃபயர்), டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஒலிச் சிக்னலாக மாற்றும் கருவி), ஸ்ட்ரீமர் (இணையப் பாட்டை இழுத்துத் தரும் கருவி) எல்லாம் பத்து வருடத்துக்குள் ஒருமுறையாவது மாறிவிடும். ஆம்ப் உள்ளே இல்லாத நல்ல பாஸிவ் ஸ்பீக்கர் அப்படி அல்ல. உள்ளே காந்தம், கம்பிச்சுருள், கோன், சில கெபாசிட்டர்கள், சுற்றி ஒரு மரப்பெட்டி. எது கெட்டாலும் தனியாக மாற்றலாம். அதனால் கையில் ஒரு லட்சம் ரூபாய் இருந்தால் 60,000 முதல் 65,000 வரை ஸ்பீக்கருக்கே போகட்டும். ஸ்டாண்டுக்கு ஏழெட்டாயிரம் ஒதுக்கி, மீதியில் ஆம்ப் வாங்குங்கள். வைஃபையும் மொபைல் ஆப்பும் பெட்டிக்குள்ளேயே பொதிந்த ஸ்பீக்கர்கள் வசதியானவைதான். ஆனால் கோன் நன்றாக இருக்கும்போதே உள்ளிருக்கும் போர்டு போய்விட்டால் மொத்தமும் முடங்கும். 20 ஆண்டுக் கணக்குக்கு அவை ஒத்துவராது.

முதலில் அறையை அளங்கள்

கடைக்குப் போவதற்கு முன் டேப்பை எடுங்கள். அறையின் நீளத்தை மீட்டரில் எழுதி, இரண்டால் பெருக்கி, ஒலியின் வேகமான 343ஐ (நொடிக்கு மீட்டர்) அதனால் வகுத்தால் அந்த அறை எந்த பேஸ் சுருதியில் தானாக முழங்கும் என்பது தெரிந்துவிடும். 12 அடி என்றால் 3.66 மீட்டர், விடை ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ். 10க்கு 10 சதுர அறையில் இரண்டு திசையிலும் அதே 56 விழும். கூரையும் 10 அடி உயரம் என்றால் மூன்றும் ஒன்றுசேரும். அந்தச் சுருதி வரும்போதெல்லாம் அறை ‘தொம்’ என்று அடைத்துக்கொள்ளும். இதை எந்த விலை ஸ்பீக்கரும் சரிசெய்யாது.

இப்படிப்பட்ட படுக்கையறையில் 35 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் உயரமான டவர் ஸ்பீக்கரை வைப்பது, பணம் கொடுத்துத் தொல்லையை வாங்குவது. 10க்கு 12 அறைக்கு, 5 முதல் 6.5 இன்ச் வூஃபரும் (பேஸ் தரும் பெரிய கோன்) ஒரு ட்வீட்டரும் (மேல்சுருதிக்கான சிறியது) உள்ள டூ-வே ஸ்பீக்கரை ஸ்டாண்டில் வைத்தால் போதும்; குறைகிற பேஸைச் சுவர்கள் ஓரளவு கூட்டிக் கொடுக்கும். ஹாலும் சாப்பாட்டு இடமும் ஒன்றாகத் திறந்து 15க்கு 20 அடி இருந்தால்தான் டவரைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் நல்ல சிறிய ஜோடியை வாங்கிவிட்டு, அடுத்த வருடம் ஆழ்ந்த பேஸுக்கு மட்டுமான ஒரு சப்வூஃபர் சேர்ப்பது பெரும்பாலும் மேலான வழி. டவரை நகர்த்த இடமிருக்காது. சப்பை, பேஸ் சீராகக் கேட்கும் மூலைக்கு நகர்த்திக்கொள்ளலாம்.

விவரத்தாளில் எதைப் பார்ப்பது

கெஃப் நிறுவனம் 2012இல் வெளியிட்ட எல்எஸ்50 என்ற ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். சென்சிட்டிவிட்டி 85 டெசிபல். இம்பீடன்ஸ் (ஆம்புக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை) 8 ஓம், குறைந்தபட்சம் 3.2 ஓம். அந்த ‘குறைந்தபட்சம்’தான் உங்கள் ஆம்பைத் தீர்மானிக்கும். 8 ஓம் என்ற பெயரை மட்டும் நம்பி, 4 ஓம் லோடைத் தாங்காத ஆம்பை இணைத்தால் வால்யூம் ஏற்றும்போது சூடாகி, பாதுகாப்புச் சர்க்யூட் வெட்டும்.

எத்தனை வாட் வேண்டும்? 85 டெசிபல் என்றால் 1 வாட்டுக்கு 1 மீட்டரில் அவ்வளவு. 2.5 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சுமார் 8 குறையும்; இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 கூடும். ஆக 80 டெசிபல். வீட்டில் அதுவே சத்தமான கேட்பு. ஆனால் தவில் அடியோ டிரம் அடியோ சராசரியைவிட 15, 18 டெசிபல் மேலே பாயும். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் வாட் இரட்டிக்கும் என்பதால் 18க்கு 64 வாட் ஆகிறது. சேனலுக்கு 50, 60 வாட் நேர்மையாகத் தரும் ஆம்ப் போதும் என்பது இப்படித்தான் வருகிறது. 20 வாட் ஆம்பை அதன் எல்லைக்கு மேல் கத்தவிட்டால் அலையின் தலை வெட்டுப்பட்டு, கூடுதல் ஆற்றல் மேல்சுருதிக்கு ஏறி ட்வீட்டரை எரிக்கும். சின்ன ஆம்ப் ஸ்பீக்கருக்குப் பாதுகாப்பு என்ற நம்பிக்கை தவறு.

சென்சிட்டிவிட்டியைப் பெரும்பாலும் 2.83 வோல்ட்டில் அளந்து போடுவார்கள். அது 8 ஓமில் 1 வாட், 4 ஓமில் 2 வாட். 4 ஓம் ஸ்பீக்கரில் 88 என்று இருந்தால் வாட் கணக்கில் அது 85தான்.

‘45 ஹெர்ட்ஸ் முதல் 28 கிலோஹெர்ட்ஸ் வரை’ என்று மட்டும் போட்டு, பக்கத்தில் பிளஸ்-மைனஸ் எத்தனை டெசிபல் என்று சொல்லாத வரியை ஒதுக்கிவிடுங்கள். சுயேச்சையாக அளந்த வரைபடம் கிடைக்கிற மாடல்களையே பட்டியலில் வையுங்கள். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஒலி ஆய்வாளர் ஃபிளாய்ட் டூல் நடத்திய மறைத்துக் கேட்கும் சோதனைகளில் ஒன்று தெளிவானது: எந்த ஸ்பீக்கர் என்று தெரியாமல் கேட்கும்போது, நேராகவும் பக்கவாட்டிலும் சீராக ஒலிப்பதையே பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த வழியில் வந்ததுதான், பல கோணங்களில் அளந்ததைக் காட்டும் ஸ்பினோராமா என்ற வரைபடம். அதில் நேர் எதிரே அளந்த கோடு கிட்டத்தட்டத் தட்டையாக இருக்க வேண்டும்; பக்கவாட்டுக் கோடுகள் படிப்படியாகச் சரிய வேண்டும். 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் பக்கவாட்டுக் கோடு குழிந்து பிறகு புடைத்தால், வூஃபரும் ட்வீட்டரும் சேரும் இடம் சரியில்லை என்று பொருள். டைல்ஸ் தரையும் வெறும் பூச்சுச் சுவரும் உள்ள நம் வீடுகளில் பக்கவாட்டு ஒலி அப்படியே திரும்பி வரும். அந்தப் புடைப்பு, பெண் குரலில் கீச்சாகத் தெரியும்.

பழையது வாங்கினால்

அளவான பணத்தில் உயர்தரத்துக்குப் போக நேரான வழி, ஒருவர் பத்து வருடம் ஒழுங்காக வைத்திருந்த ஜோடி. ஆனால் நேரில் போய்ப் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். ஒரு மல்டிமீட்டர், டார்ச், போனில் டோன் ஜெனரேட்டர் ஆப், ஏ4 தாளைச் சுருட்டிய குழாய் ஒன்று. இவ்வளவும் கையில் இருக்கட்டும்.

கோனைச் சுற்றியுள்ள வளையத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ரப்பராக இருந்தால் பளபளப்பு மங்கியிருந்தாலும் வளைந்து கொடுக்கும். பல பத்தாண்டுகள் தாங்கும். ஃபோமாக இருந்தால் விரல்நுனியால் மெல்லத் தொடுங்கள். பிசுபிசுவென்று ஒட்டினாலோ கறுப்புத் தூளாக உதிர்ந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. பாலியூரித்தேன் ஃபோம் காற்றின் ஈரத்தாலேயே சிதையும். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். இதற்காக மட்டும் பயந்து விட்டுவிட வேண்டாம். விலையைக் குறைத்துக் கேளுங்கள். புது வளையம் ஒட்டித் தருகிற ஆட்கள் உண்டு. ஒட்டும்போது கோன் நடுவில் நிற்கிறதா என்பதே முக்கியம். பசை காயும்வரை 30 ஹெர்ட்ஸ் டோனைக் குறைந்த சத்தத்தில் ஓட்டி, உரசல் இல்லாத நிலையில் நிறுத்துவது நல்ல முறை.

அடுத்து, இரு கை விரல்களையும் கோனின் எதிரெதிர்ப் பக்கத்தில் வைத்துச் சமமாக உள்ளே அழுத்துங்கள். ‘கரக் கரக்’ என்று மணல் உரசுவது போலக் கேட்டால் கம்பிச்சுருள் கோணியிருக்கிறது, அல்லது ஒருமுறை சுட்டு உப்பியிருக்கிறது. ஃபோமை மாற்றினாலும் இது போகாது. விட்டுவிடுங்கள்.

கம்பிகளைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை ஸ்பீக்கர் முனைகளில் வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 5.5 முதல் 7 ஓம் வரை காட்டும். 4 ஓம் என்றால் மூன்றரைக்கு அருகில். இடதும் வலதும் அரை ஓமுக்கு மேல் வேறுபட்டால் ஒன்றில் டிரைவர் (கோனும் காந்தமும் சேர்ந்த பகுதி) மாற்றப்பட்டிருக்கலாம். வழியில் கெபாசிட்டர் இருப்பதால் ட்வீட்டரை இந்த அளவு காட்டாது. அதற்குப் பிங்க் நாய்ஸை (எல்லாச் சுருதியும் கலந்த சோதனை இரைச்சல்) சின்னச் சத்தத்தில் ஓட்டி, தாள் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ட்வீட்டர் முன்னாலும் வைத்து, இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிக் கேளுங்கள். ஒன்று மங்கலாக இருந்தால் உள்ளே ஃபெரோஃப்ளூயிட் என்ற காந்தத் திரவம் காய்ந்திருக்கும், அல்லது கெபாசிட்டர் வலுவிழந்திருக்கும். பிறகு டோனை 20இலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றுங்கள். கடகடப்பு பெட்டி இணைப்பிலிருந்து வந்தால் பசையால் தீரும். கோனிலிருந்து வந்தால் தீராது.

பெட்டியின் அடிப்பலகையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். தினமும் தரை துடைக்கிற வீட்டில் பார்ட்டிகிள் போர்டு ஈரத்தை உறிஞ்சி உப்பிப் போயிருக்கும்.

கேட்டுப் பார்ப்பது

சற்றே சத்தமாக ஒலிப்பது நல்லதாகவே படும். அதனால் இரண்டு ஜோடியை ஒப்பிடும்போது போனில் டெசிபல் ஆப் வைத்து, 1 டெசிபலுக்குள் சமப்படுத்தச் சொல்லுங்கள். கடைக்காரர் போடும் டெமோ பாட்டு வேண்டாம். உங்களுக்கு மனப்பாடமான கச்சேரி ஒன்றைக் கொண்டுபோங்கள். தம்புராவின் ரீங்காரம் நார்நாராகப் பிரிந்து தெரிகிறதா, வெறும் இரைச்சலாகக் குழைகிறதா? கஞ்சிராவின் கும்கி வழுக்கும்போது சுருதி மாறுவது கேட்கிறதா, எல்லா அடியும் ஒரே ‘தும்’ ஆக நிற்கிறதா? இரண்டாவது என்றால் பேஸைக் கூட்டப் பெட்டியில் விட்டிருக்கும் துளை தன் சுருதியைத்தான் பாடுகிறது. ட்வீட்டர் தூக்கலான ஸ்பீக்கர் முதல் பத்து நிமிடம் துல்லியம் போலத் தோன்றி, முக்கால் மணியில் காதைச் சோர்வாக்கும். முக்கால் மணி உட்காருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் தரையிலிருந்து சுமார் 95 முதல் 100 சென்டிமீட்டர். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சமபக்க முக்கோணம். முன்பலகைக்கும் பின்சுவருக்கும் 60 சென்டிமீட்டர் என்றால், சுவரில் மோதித் திரும்பும் ஒலி சுமார் 143 ஹெர்ட்ஸில் நேர் ஒலியை அழிக்கும். பக்கச்சுவர், தரை ஆகியவற்றுக்கும் அதே தூரம் அமைந்தால் அழிவு இன்னும் கூடும். ஆகவே மூன்று தூரங்களையும் வேறுவேறாக வையுங்கள்.

5 மீட்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி போதும். போக வர மொத்தத் தடை 0.07 ஓம்தான். அலுமினியத்துக்குச் செம்பு பூசிய கம்பியைத் தவிருங்கள். கடலோரத்தில் வருடம் ஒருமுறை முனைகளை வெட்டிப் புதிதாக உரித்து முறுக்குங்கள். புது ஆம்பை இணைக்கும் முன், பாட்டு இல்லாமல் ஓடவிட்டு அதன் ஸ்பீக்கர் முனையில் டிசி மில்லிவோல்ட்டை அளங்கள். 50க்கு மேல் நிலையாக நின்றால் ஆம்பைச் சரிசெய்த பிறகு இணைக்கலாம்.

டவர் வைத்திருந்தால் சமையல் மேடை போட்டு மிஞ்சிய கிரானைட் துண்டை அடியில் கொடுங்கள். ஈரத் துடைப்பம் மரத்தைத் தொடாது. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். கரையான் அந்த வழியாகத்தான் ஏறும். பின்துளைக்குள் பல்லியும் கரப்பானும் குடியேறி கோனின் பின்பக்கத்தைக் கெடுக்கும். கேட்காத நேரத்தில் சுருட்டிய ஸ்பாஞ்சால் துளையை அடைத்து, கேட்கும்போது எடுத்துவிடுங்கள்.

இருபதாம் ஆண்டை நெருங்கும்போது மேல்சுருதி மங்கினால் க்ராஸ்ஓவரின் (வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் சர்க்யூட்) எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களை அளக்கச் சொல்லுங்கள். அதே மைக்ரோஃபாரட் அளவில் ஃபிலிம் கெபாசிட்டர் போட்டால் சரியாகும். அதன் உள்தடை குறைவு என்பதால் ட்வீட்டர் முன்பைவிடச் சற்றுத் தூக்கலாகத் தெரியலாம். அப்போது தொடரில் அரை ஓம் ரெசிஸ்டர் ஒன்று சேர்த்துவிடுங்கள்.