ஓப்பன்சர்ச்சில் பழைய லாக் இண்டெக்ஸ்களைத் தானாக அழிக்க வைப்பது எப்படி?

லாக் (செயலிகள் தாமாக எழுதும் பதிவுகள்) சேமிக்கவும் தேடவும் ஓப்பன்சர்ச் என்ற மென்பொருளை வைத்திருப்பவர்கள் என்றாவது ஒருநாள் இதைச் சந்திப்பார்கள். தேடல் வேலை செய்யும், டாஷ்போர்டும் திறக்கும், ஆனால் நேற்றிரவுக்குப் பிறகு ஒரு வரி லாக்கூட உள்ளே வந்திருக்காது. எழுத முயன்றால் ‘கிளஸ்டர் பிளாக் எக்ஸப்ஷன்’ என்று பிழை வரும். பெரும்பாலும் டிஸ்க் நிரம்பியிருக்கும். அமேசான் நடத்தித் தரும் ஓப்பன்சர்ச் சர்வீஸில் ஏதாவது ஒரு நோடின் (கிளஸ்டர் என்ற சர்வர் கூட்டத்தில் ஒரு சர்வர்) காலியிடம் 20 சதவீதத்துக்கோ 20 ஜிபிக்கோ (இரண்டில் எது சிறியதோ அதற்கு) கீழே இறங்கினால், எழுதும் வேலைகள் தோற்கத் தொடங்கும்.

பழைய இண்டெக்ஸ்களை (லாக்குகள் சேரும் தொகுப்புகளை) நேரம் பார்த்து அழித்துக்கொண்டே இருந்தால் இந்த நிலை வராது. அதற்கு ஸ்கிரிப்ட் எதுவும் எழுத வேண்டியதில்லை. ஓப்பன்சர்ச்சுக்குள்ளேயே இண்டெக்ஸ் ஸ்டேட் மேனேஜ்மென்ட் என்ற வசதி இருக்கிறது. சுருக்கமாக ஐஎஸ்எம். எந்த ஓப்பன்சர்ச் பதிப்பிலும் இது உண்டு. பழைய எலாஸ்டிக்சர்ச் டொமைன் (அமேசானில் கிளஸ்டருக்கு இதுதான் பெயர்) என்றால் 6.8 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். டாஷ்போர்ட்ஸில் நிர்வாகி உரிமையுள்ள லாகினும், நாளுக்கு ஒன்றாக உருவாகும் இண்டெக்ஸ்களும் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொண்டு தொடங்குவோம்.

டாக்குமென்ட்டை அல்ல, இண்டெக்ஸை அழியுங்கள்

புதியவர்கள் முதலில் யோசிப்பது, ‘30 நாளுக்கு முந்தைய டாக்குமென்ட்களை (ஒவ்வொரு லாக் பதிவும் ஒரு டாக்குமென்ட்) மட்டும் தேடி அழித்துவிடலாமே’ என்பதுதான். அது வேண்டாம். டாக்குமென்ட்டை அழிக்கச் சொன்னால் ஓப்பன்சர்ச் அதன்மேல் ‘அழிந்தது’ என்று ஒரு குறி மட்டும் போடும். செக்மென்ட்கள் (இண்டெக்ஸின் உள்ளே இருக்கும் சிறு ஃபைல் தொகுப்புகள்) பின்னர் ஒன்றிணையும்போதுதான் இடம் திரும்பக் கிடைக்கும். அந்த இணைப்புக்கே தற்காலிகமாகக் கூடுதல் இடம் தேவை. நிரம்பிய டிஸ்க்கில் இது நிலைமையை இன்னும் மோசமாக்கும். முழு இண்டெக்ஸை நீக்கினால் அதன் ஃபைல்கள் மொத்தமாகப் போகும், இடம் உடனே கிடைக்கும். லாக்கை நாள்வாரியாகத் தனித்தனி இண்டெக்ஸில் போடுவதே இதற்காகத்தான்.

எத்தனை நாள் வைத்திருப்பது?

டிஸ்க் கணக்கை எல்லோரும் போடுவார்கள்; ஷார்ட் (ஓர் இண்டெக்ஸைப் பிரித்து வைக்கும் துண்டு) கணக்கைத்தான் மறப்பார்கள். அமேசான் சேவையில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஓர் இண்டெக்ஸுக்கு 5 பிரைமரி (மூல) ஷார்ட், ஒவ்வொன்றுக்கும் 1 ரெப்ளிகா (நகல்). ஆக, நாளுக்கு 10 ஷார்ட். ஜாவா ஹீப்பில் ஒரு ஜிபிக்கு 25 ஷார்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறது அமேசானின் வழிகாட்டுதல். ஹீப் என்பது ஓப்பன்சர்ச் வேலை செய்ய ஒதுக்கும் நினைவகம்: நோடின் ராமில் பாதி, அதிகபட்சம் 32 ஜிபி.

16 ஜிபி ராம் உள்ள 3 டேட்டா நோட்கள் என்றால் நோடுக்கு 8 ஜிபி ஹீப், 200 ஷார்ட். மொத்தம் 600. ஒரே ஒரு செயலியின் லாக் என்றால் 60 நாள் தாங்கும். நான்கு செயலிகள் தனித்தனி இண்டெக்ஸில் எழுதினால் நாளுக்கு 40 ஷார்ட், 15 நாளில் வரம்பைத் தொட்டுவிடுவீர்கள், டிஸ்க் பாதி காலியாக இருந்தாலும்! லாக் வேலைக்கு ஒரு ஷார்ட் 30 முதல் 50 ஜிபி வரை இருக்கலாம். நாளுக்கு 8 ஜிபி லாக் வரும் இண்டெக்ஸுக்கு 5 பிரைமரி எதற்கு? புதிய இண்டெக்ஸ்களின் அமைப்பைச் சொல்லும் இண்டெக்ஸ் டெம்ப்ளேட்டில் 1 என்று மாற்றுங்கள். அழிப்பதைவிட இதுவே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

சட்டக் கணக்கும் ஒன்று உண்டு. இந்தியாவில் இயங்கும் நிறுவனம் என்றால் 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு உங்களுக்கும் பொருந்தும்: கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அதற்காக 180 நாளையும் விலையுயர்ந்த டிஸ்க்கில் வைக்க வேண்டியதில்லை. தேடுவதற்கு 30 நாள் ஓப்பன்சர்ச்சில், மீதிக்கு அமேசானின் ஃபைல் சேமிப்புச் சேவையான எஸ்3-இல் ஒரு பிரதி என்று பிரித்துக்கொள்ளலாம். அந்தப் பிரதி உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

படி 1: பெயர்களைப் பட்டியலிடுங்கள்

டாஷ்போர்ட்ஸ் மெனுவில் ‘இண்டெக்ஸ் மேனேஜ்மென்ட்’, அதற்குள் ‘இண்டெக்ஸஸ்’. பட்டியல் முழுவதையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். அவசரப்படுவோர் சறுக்கும் இடம் இதுதான்.

‘ஆப்-லாக்-2025.05.01’ என்ற வடிவில் பெயர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘ஆப்-லாக்-*’ என்று பேட்டர்ன் கொடுத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் தணிக்கைக் குழு ‘ஆப்-லாக்-ஆடிட்-2025’ என்று ஓர் இண்டெக்ஸ் வைத்திருந்தால் அதுவும் இந்த வலையில் விழும். ‘ஆப்-லாக்-20*’ என்று ஆண்டின் முதல் இரண்டு இலக்கங்களையும் சேர்த்துக் கொடுத்தால் தேதியுள்ளவை மட்டும் சிக்கும். வெறும் நட்சத்திரக் குறியை மட்டும் ஒருபோதும் பேட்டர்னாகக் கொடுக்காதீர்கள். புள்ளியில் தொடங்கும் பெயருள்ள இண்டெக்ஸ்கள் கணினியின் சொந்த உபயோகத்துக்கானவை. நீங்கள் உருவாக்கிய டாஷ்போர்டுகளும் அப்படியொன்றில்தான் இருக்கின்றன.

படி 2: பாலிசி எழுதுங்கள்

‘ஸ்டேட் மேனேஜ்மென்ட் பாலிசிஸ்’ பக்கத்தில் ‘கிரியேட் பாலிசி’ அழுத்தி ‘விஷுவல் எடிட்டர்’ தேர்ந்தெடுங்கள். ஜேசன் எடிட்டரும் இருக்கிறது; முதல் பாலிசிக்கு விஷுவல் போதும்.

1. பாலிசி ஐடி: ‘30-நாள்-அழிப்பு’ போல, பார்த்ததும் புரிகிற பெயர் (சிறிய எழுத்து ஆங்கிலத்தில்).
2. ‘ஐஎஸ்எம் டெம்ப்ளேட்ஸ்’ பகுதியில் ‘ஆட் டெம்ப்ளேட்’. முதல் படியில் முடிவு செய்த பேட்டர்னையும், பிரையாரிட்டி 100 என்றும் கொடுங்கள். இன்னொரு பாலிசியின் பேட்டர்ன் இதோடு மோதி, பிரையாரிட்டி எண்ணும் ஒன்றாக இருந்தால் பாலிசியைச் சேமிக்கவே விடாது.
3. ‘ஆட் ஸ்டேட்’ அழுத்தி ‘ஹாட்’ என்று ஒரு நிலை. ஆக்‌ஷன் எதுவும் வேண்டாம்.
4. மறுபடி ‘ஆட் ஸ்டேட்’, பெயர் ‘டெலீட்’. ஆக்‌ஷனும் ‘டெலீட்’.
5. ‘ஹாட்’ நிலைக்குத் திரும்பி ‘ஆட் டிரான்சிஷன்’. போகும் இடம் ‘டெலீட்’. நிபந்தனை ‘மினிமம் இண்டெக்ஸ் ஏஜ்’. மதிப்பில் 30 எழுதி, இடைவெளி விடாமல் ஆங்கிலச் சிறிய ‘டி’.
6. தொடக்க நிலை ‘ஹாட்’ என்றிருக்கிறதா என்று உறுதி செய்துவிட்டு ‘கிரியேட்’.

ஐந்தாவது வரியை மறந்தால் பாலிசி சேமிக்கப்படும், பிழையும் வராது, ஆனால் எதுவும் அழியாது. தொடக்க நிலையைத் தவறுதலாக ‘டெலீட்’ என்று வைத்தால் நிலைமை நேர் எதிர்: இணைத்த இண்டெக்ஸ் எல்லாம் வயது பாராமல் போய்விடும்.

வயது எங்கிருந்து எண்ணப்படுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெயரில் உள்ள தேதியை ஐஎஸ்எம் பார்ப்பதே இல்லை. இண்டெக்ஸ் உருவான நேரத்தைத்தான் பார்க்கிறது. மார்ச் மாத இண்டெக்ஸை நேற்று ரீஇண்டெக்ஸ் செய்திருந்தால் (புதிய இண்டெக்ஸில் நகலெடுத்திருந்தால்) அதன் வயது ஒரு நாள்தான், இன்னும் 29 நாள் இருக்கும்.

படி 3: ஏற்கெனவே உள்ளவற்றை இணையுங்கள்

டெம்ப்ளேட் இனி உருவாகப்போகும் இண்டெக்ஸ்களுக்கு மட்டுமே. பாலிசி போட்டு ஒரு வாரம் ஆகியும் டிஸ்க் குறையவில்லை என்ற புலம்பலுக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. ‘இண்டெக்ஸஸ்’ பக்கத்தில் பழையவற்றை டிக் செய்து ‘ஆக்‌ஷன்ஸ்’, ‘அப்ளை பாலிசி’ கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இணைக்க வேண்டாம். மிகப் பழைய ஒன்றை மட்டும் முதலில் இணைத்து, அது அழிவதைப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

படி 4: பொறுமையாகக் கவனியுங்கள்

அழுத்தியதும் அழியாது. சொந்தமாக நிறுவிய ஓப்பன்சர்ச்சில் ஐஎஸ்எம் 5 நிமிடத்துக்கு ஒருமுறை விழிக்கும். அமேசான் சேவையில் 5 முதல் 8 நிமிடத்துக்கு ஒருமுறை; 1.3-க்கு முந்தைய பதிப்பு என்றால் 30 முதல் 48 நிமிடத்துக்கு ஒருமுறைதான். எல்லா இண்டெக்ஸும் ஒரே நேரத்தில் கிளஸ்டரை நெருக்காதபடி அடிப்படை நேரத்தோடு 60 சதவீதம் வரை தற்செயலான தாமதம் சேர்க்கிறார்கள். ஒரு விழிப்பில் பாலிசி ஏறும், பிறகொன்றில் வயது பார்க்கப்படும், அதற்குப் பிறகே அழிப்பு. எனவே ‘இண்டெக்ஸ் இன்னும் இருக்கிறதே’ என்று இரண்டு மணி நேரத்துக்குள் பதற வேண்டாம்.

‘பாலிசி மேனேஜ்ட் இண்டெக்ஸஸ்’ பக்கத்தில் ஒவ்வொன்றும் எந்த நிலையில் நிற்கிறது என்று தெரியும். மே 1 தேதியிட்ட இண்டெக்ஸை எடுத்துக்கொள்வோம். நாள் பிரிப்பு பொதுவாக யுடிசி (உலகப் பொது நேரம்) நேரப்படி என்பதால் அது உருவானது இந்திய நேரம் காலை 5:30 மணிக்கு. 30 நாள் நிறைவது மே 31 காலை 5:30-க்கு. அதன்பின் ஓரிரு மணி நேரத்தில் அது பட்டியலிலிருந்து மறையும். அதற்குள் 31-ஆம் நாளின் இண்டெக்ஸும் உருவாகியிருக்கும். டிஸ்க் திட்டமிடும்போது 30 அல்ல, 31 நாளுக்கு இடம் வையுங்கள்.

படி 5: அழிக்குமுன் ஒரு பிரதி

அழித்த இண்டெக்ஸைத் திரும்பக் கேட்டால் ஓப்பன்சர்ச் கையை விரிக்கும். ஆனால் அமேசான் சேவை மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்துப் பிரதி) தானே எடுத்து, 336 வரை, அதாவது 14 நாள் வைத்திருக்கும். தவறாக அழித்தது இன்று தெரிந்தால் அதே டொமைனில் மீட்டுவிடலாம். மூன்று வாரம் கழித்துத் தெரிந்தால் வழியில்லை.

நீண்ட காலம் வைக்க வேண்டும் என்றால் எஸ்3 பக்கெட் ஒன்றை ஸ்னாப்ஷாட் ரெப்பாசிட்டரியாகப் பதிவு செய்து, ‘ஹாட்’டுக்கும் ‘டெலீட்’டுக்கும் இடையே ‘ஸ்னாப்ஷாட்’ ஆக்‌ஷன் உள்ள ஒரு நிலையைச் செருகுங்கள். அந்தப் பக்கெட்டுக்கு கிளேசியருக்கு (எஸ்3-இன் மலிவான காப்பகச் சேமிப்பு) மாற்றும் லைஃப்சைக்கிள் விதி போடக்கூடாது. ஸ்னாப்ஷாட்டை அங்கிருந்து மீட்க முடியாது. உள்ளிருக்கும் ஃபைல்களைக் கையால் அழிப்பதும் ஆபத்து. ஒரு ஸ்னாப்ஷாட் முந்தையதின் ஃபைல்களையே பகிர்ந்துகொள்வதால், ஒன்றை எடுத்தால் பலவும் கெடும்.

எங்கே சிக்கும்?

பாலிசியில் 30 நாளை 14 ஆக மாற்றிச் சேமித்தால், ஏற்கெனவே இணைந்த இண்டெக்ஸ்கள் பழைய பதிப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். ‘பாலிசி மேனேஜ்ட் இண்டெக்ஸஸ்’ பக்கத்தில் ‘சேஞ்ச் பாலிசி’ கொடுத்தால்தான் புதியது ஏறும்.

கிளஸ்டர் சிவப்பு நிலையில் இருந்தால் ஐஎஸ்எம் ஓடவே ஓடாது. டிஸ்க் நிரம்பிய பிறகு பாலிசி காப்பாற்றும் என்று காத்திருக்காதீர்கள். மிகப் பழைய இரண்டு மூன்று இண்டெக்ஸை அப்போதே கையால் நீக்குங்கள்.

நாள் கணக்கில் அல்லாமல் அளவு கணக்கில் ரோல்ஓவர் செய்பவர்கள் (இண்டெக்ஸ் குறிப்பிட்ட அளவை எட்டியதும் புதிய இண்டெக்ஸுக்கு மாறுபவர்கள்) ‘மினிமம் இண்டெக்ஸ் ஏஜ்’ என்பதற்குப் பதிலாக ‘மினிமம் ரோல்ஓவர் ஏஜ்’ நிபந்தனையைப் பார்க்கவும். முதலாவது உருவான நாளிலிருந்து எண்ணும். 20 நாள் எழுதப்பட்டுப் பிறகு ரோல்ஓவர் ஆன இண்டெக்ஸின் கடைசி நாள் லாக், 30 நாள் விதியில் பத்தே நாளில் போய்விடும்.

லேம்டா எப்போது வேண்டும்?

பெயரில் உள்ள தேதியை வைத்தே அழிக்க வேண்டும், அல்லது வேறொரு அமைப்பிடம் கேட்டுவிட்டு அழிக்க வேண்டும் என்றால் மட்டும் லேம்டா ஃபங்ஷன் (அமேசானில் சர்வர் இல்லாமல் ஓடும் சிறு நிரல்) எழுதி, அமேசானின் நேர அட்டவணைச் சேவையான ஈவென்ட்பிரிட்ஜ் ஷெட்யூலரால் தினமும் ஓட்டுங்கள். அதில் நேர மண்டலமாக ஆசியா/கொல்கத்தா கொடுக்கலாம். பழைய ஈவென்ட்பிரிட்ஜ் ரூல் என்றால் யுடிசி மட்டுமே. அதிகாலை 2 மணிக்கு ஓட வேண்டுமானால் முந்தைய இரவு 20:30 என்று எழுத வேண்டும். அங்கே கிரான் வரியில் (நேர அட்டவணையைச் சொல்லும் வரி) 6 புலங்கள். தேதி, கிழமை இரண்டில் ஒன்றுக்குக் கேள்விக்குறி போடாவிட்டால் ஏற்காது.

பைத்தானில் ஓப்பன்சர்ச்-பை நூலகத்தைப் பயன்படுத்துங்கள். எலாஸ்டிக்சர்ச் நூலகம் 7.14 பதிப்பிலிருந்து ஓப்பன்சர்ச்சோடு பேச மறுக்கும். லேம்டாவின் இயல்பான நேர வரம்பு 3 வினாடிதான். 5 நிமிடமாக உயர்த்துங்கள். 403 பிழை வந்தால், லேம்டாவின் ஐஏஎம் ரோலை (அதற்கு அமேசானில் உள்ள உரிமை அடையாளத்தை) டாஷ்போர்ட்ஸின் செக்யூரிட்டி பகுதியில் பேக்எண்ட் ரோலாகச் சேர்த்தீர்களா என்று பாருங்கள். நூறு பெயர்களைக் காற்புள்ளியிட்டு ஒரே கோரிக்கையில் அனுப்பினால் வரி 4096 பைட்டைத் தாண்டி நிராகரிக்கப்படலாம், ஒவ்வொன்றாக அழியுங்கள். ஸ்னாப்ஷாட் ஓடிக்கொண்டிருக்கும் இண்டெக்ஸை அழிக்க முயன்றாலும் பிழை வரும். ஐஎஸ்எம் அதைப் புரிந்துகொண்டு மறுபடி முயலும். உங்கள் ஸ்கிரிப்டுக்கு நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். முதல் ஒரு வாரம் அழிக்காமல், அழிக்கப்போகும் பெயர்களை மட்டும் அச்சிடுமாறு ஓட்டுங்கள். ஒரு தடவைக்கு 5 இண்டெக்ஸுக்கு மேல் வந்தால் நின்றுவிடு என்று ஒரு வரியும் சேருங்கள்.

சர்வர்லெஸ் வகையில் டைம் சீரீஸ் கலெக்‌ஷன் வைத்திருப்பவர்களுக்கு இவை எதுவும் தேவையில்லை. அங்கே டேட்டா லைஃப்சைக்கிள் பாலிசியில் 24 மணி நேரம் முதல் 3650 நாள் வரை ஒரு காலத்தைக் கொடுத்தால் போதும்.

எந்த வழியில் போனாலும் டொமைன் வைத்திருப்பவர்கள் அமேசானின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்சில் ‘ஃப்ரீ ஸ்டோரேஜ் ஸ்பேஸ்’ அளவைக்கு ஓர் அலாரம் வையுங்கள். புள்ளிவிவரம் ‘மினிமம்’ ஆக இருக்கட்டும். ‘சம்’ என்று வைத்தால் ஒரு நோட் நிரம்பி வழிந்தாலும் மற்றவற்றின் காலியிடம் அதை மறைத்துவிடும். வரம்பு, ஒரு நோடின் சேமிப்பில் 25 சதவீதம். கிளவுட்வாட்ச் இதை எம்பியில் காட்டும், ஓப்பன்சர்ச் கன்சோல் ஜிபியில் காட்டும். 100 ஜிபி நோடுக்கு அலாரத்தில் எழுத வேண்டியது 25 அல்ல, 25600.