நகரசபைக்கு நிற்பது எப்படி: ஒன்ராறியோவில் குடியேறியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் ஒரு நகரசபை வட்டாரத்துக்கு நின்று தோற்றவள் நான். இப்போது மற்ற வேட்பாளர்களுக்காக வீடு வீடாக வாக்குக் கேட்டுப் படியேறி இறங்குகிறேன். தேர்தல் வருடம் பிறந்தால் யாராவது போன் எடுத்து, "அக்கா, நானும் நிற்கலாம் என்று பார்க்கிறேன், எங்கே தொடங்குவது?" என்று கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் படிவ வேலை. 18 வயது, கனடியக் குடியுரிமை, அந்த நகரில் வசிப்பது அல்லது அங்கே சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் வைத்திருப்பது, இவ்வளவும் போதும். அந்த வட்டாரத்துக்குள்ளேயே வசிக்கவேண்டும் என்று சட்டம் கேட்காது; வாசலில் சனம் கேட்கும். தேர்தல் நான்கு வருடத்துக்கு ஒருமுறை, ஒக்டோபர் நான்காவது திங்கட்கிழமை. 2022இல் அது 24ஆம் திகதி, 2026இல் 26ஆம் திகதி. வேட்புமனுவை மே 1 முதல் ஓகஸ்ட் மூன்றாவது வெள்ளிக்கிழமை பிற்பகல் 2 மணி வரை கொடுக்கலாம். கட்டணம் 100 டொலர், மேயருக்கு 200. கூடவே 25 வாக்காளர்களின் கையெழுத்தும் வேண்டும். 30, 35 ஆகவே வாங்கி வையுங்கள். இன்னும் குடியுரிமை எடுக்காத நிரந்தரவதிவிடக்காரர் ஒருவர் ஆசையாகப் போட்டுத் தந்தால் அந்தக் கையெழுத்து செல்லாது.

மனுக் கொடுப்பதற்கு முன் ஒரு சதம் வாங்கவும் கூடாது, செலவழிக்கவும் கூடாது. எங்கள் ஆட்கள் வழுக்குவது பெரும்பாலும் காசு விஷயத்தில்தான். ஒருவர் ஒரு வேட்பாளருக்கு 1,200 டொலர் வரைதான் தரலாம், அதுவும் ஒன்ராறியோவில் வசிப்பவராக இருக்கவேண்டும். மொன்றியல் மாமாவின் அன்பை வாங்கலாம், காசோலையை வாங்கமுடியாது. நிறுவனமோ தொழிற்சங்கமோ தரமுடியாது. கடை முதலாளி கடைப் பெயரில் காசோலை எழுதினால், சொந்தக் கணக்கில் எழுதித் தரும்படி அங்கேயே கேளுங்கள். நோட்டாகத் தருவதென்றால் 25 டொலருக்கு மேல் வாங்கவேண்டாம். மண்டபத்தில் உண்டியல் ஏந்துகிற பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

சரி, இனிப் பேச்சுக்கு வருவோம்.

புதிதாக நிற்பவர்கள் எழுதிக் கொண்டுவரும் முதல் உரையில் மூன்று சொற்கள் கட்டாயம் இருக்கும்: ஜனநாயகம், வாய்ப்பு, நடுத்தர வர்க்கம். அதற்கு முன்னால் ஒரு கதை: யுத்தம், விமானம், குளிர், இரண்டு வேலை, "இந்த நாடு எனக்கு எல்லாம் தந்தது". நானும் 1991இல் அகதியாக வந்து பாண் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் நின்றவள்தான். அந்தக் கதை எனக்கும் உண்டு. ஆனால் வாசலில் அதற்கு அரை நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். கேட்டுக்கொண்டு நிற்பவருக்கும் அதே கதை இருக்கிறது, பல சமயம் எங்களுடையதை விடக் கடினமானது. அதைவிட, நன்றி சொல்லிக்கொண்டே வாக்குக் கேட்பவரை யாரும் தங்களுக்காக வாதாடப்போகிறவராகப் பார்ப்பதில்லை. வரி கட்டுகிறோம், இங்கே பிள்ளை வளர்க்கிறோம். நன்றிக் கடனைத் தீர்க்க நகரசபைக்குப் போகவேண்டியதில்லை.

எங்கள் ஆட்களின் வாசலில் இன்னொரு சிக்கல். கதவு திறந்ததும் "பிள்ளை எந்த ஊர்?" என்ற கேள்வி வரும். ஊரைச் சொல்லுங்கள், மறைக்கவேண்டாம். ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் கால் மணிநேரம் ஓடி, யார் யாருக்குச் சொந்தம் என்பது மட்டும்தான் தெரிந்திருக்கும். நான் ஊரைச் சொன்ன கையோடு, "அன்ரி, வேலைக்கு எந்த பஸ்ஸில போறீங்கள்?" என்று கேட்டுவிடுவேன். 2023 ஜூலையில் ஸ்காபரோ ஆர்டி ரயில் தடம்புரண்டு, பிறகு ஓடாமலே மூடப்பட்டது. அதற்குப் பதிலாக பஸ் விட்டார்கள். இதைத் தொட்டால் போதும், அவரே பேசுவார்: எத்தனை மணிக்கு எழும்புகிறார், எந்தத் தரிப்பில் நிற்கிறார், பிந்தினால் மேலாளர் என்ன சொல்வார். வாய்ப்பு என்ற சொல்லுக்கு வாசலில் பொருள் அதுதான். வேலைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியுமா, பிள்ளைக்குப் பக்கத்தில் நூலகம் திறந்திருக்கிறதா? இரண்டும் நகரசபையின் கைக்குள் வருகிற விஷயங்கள். ஆஸ்பத்திரிக் காத்திருப்பு மாகாணத்துடையது, குடிவரவு ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசுடையது. அவற்றைச் சரிசெய்கிறேன் என்று வாக்குறுதி கொடுக்காதீர்கள். யாரிடம் போகவேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

நடுத்தர வர்க்கம் என்று பேசும்போது இன்னும் கவனம். எங்கள் பக்கத்தில் அது மேலே மோர்ட்கேஜ் கட்டும் குடும்பமும் கீழே பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருக்கும் குடும்பமும் சேர்ந்த ஒரே வீடு. 2024இல் ரொறன்ரோவில் வீட்டு வரி 9.5 வீதம் ஏறியது. மேலே இருப்பவர் அதைச் சொல்லித் திட்டுவார். கீழே இருப்பவர் அதே ஏற்றம் வாடகையாகத் தன் தலையில் விழுமோ என்று பயப்படுவார். மேல் வாசலில் வரியைக் குறைப்பேன் என்றும் பக்கக் கதவில் சேவைகளைக் கூட்டுவேன் என்றும் சொல்லிவிட்டு இறங்கினால், இரவுச் சாப்பாட்டுக்கு முன் இரண்டு வீட்டாரும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்கள். இரண்டு இடத்திலும் ஒரே பதிலைச் சொல்லுங்கள். என்னுடைய பதில்: வரியைக் குறைப்பேன் என்று சொல்லமாட்டேன், அது எங்கே போகிறது என்று தமிழில் எழுதிக் கொண்டுவந்து தருவேன். சிலர் கதவைச் சாத்தினார்கள். போகட்டும்.

அப்புறம், வாக்கில்லாதவர்களின் கதவு. நிரந்தரவதிவிடக்காரர்கள் ஒன்ராறியோ நகரசபைத் தேர்தலில் வாக்களிக்க முடியாது. அவர்களுக்கும் அந்த உரிமை வேண்டும் என்று 2013இல் ரொறன்ரோ நகரசபை மாகாணத்திடம் கேட்டது, நடக்கவில்லை. பிரசாரப் பட்டியலில் அந்த வீடுகள் இருக்காது, பிரசார மேலாளர் நேரத்தை வீணாக்காதே என்பார். தட்டுங்கள். பஸ்ஸும் குப்பையும் பூங்காவும் அவர்களுக்கும்தான். கணக்காகப் பார்த்தாலும், அந்த வீட்டில் 18 வயதான பிள்ளை ஒன்று குடியுரிமையோடு இருக்கலாம். 2022இல் ரொறன்ரோவில் மூன்றில் ஒரு பங்கு வாக்காளர் கூட வாக்களிக்கவில்லை. ஒரு பிள்ளை எழும்பிப் போனாலே பெரிய விஷயம்.

அடுக்குமாடிக் கட்டடங்களில் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சூப்பரின்டென்டன்ட் உங்களைத் தடுப்பார். என்னை ஒருவர் லொபியிலேயே நிறுத்தி, பொலிஸைக் கூப்பிடப் போவதாகச் சொன்னார். ஒன்ராறியோவின் வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி, வேட்பாளரும் அவருடைய ஆட்களும் நியாயமான நேரத்தில் உள்ளே போய் வாக்குக் கேட்பதை வீட்டுச் சொந்தக்காரர் தடுக்கமுடியாது. ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாக வாங்கக்கூடிய கொண்டோ கட்டடங்களுக்கும் இதே மாதிரி விதி உண்டு. அந்தப் பிரிவை அச்செடுத்து மடித்துக் கையில் வைத்திருங்கள். சத்தம் போடவேண்டாம், தாளை நீட்டினால் போதும். மேல்மாடியிலிருந்து தொடங்கிப் படியால் இறங்கி வாருங்கள், முழங்கால் தப்பும்.

ஜனநாயகம் பற்றி ஒன்று, அது வெல்ல நினைப்பவர்களுக்கு. 2018இல், வேட்பாளர்கள் தெருவில் இறங்கிய பிறகு, மாகாண அரசு ரொறன்ரோவின் வட்டாரங்களை 47இலிருந்து 25 ஆக வெட்டியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021இல் 5க்கு 4 என்று மாகாணத்தின் பக்கம் தீர்ந்தது. இப்போது ஒரு வட்டாரத்தில் சராசரியாக ஒரு லட்சத்துக்கும் மேல் சனம். காசும் பழகிய பெயரும் இல்லாத புது முகத்துக்கு இது பெரிய சுவர். அதனால் எல்லாத் தெருவையும் ஓட நினைக்காமல், வாக்குச்சாவடி வாரியாகப் பிரித்து, வெல்லக்கூடிய இடத்துக்கு இரண்டு தரம் போங்கள். கல்விச்சபையிலிருந்து தொடங்குவதும் நல்ல வழி. அதற்கு அந்த 25 கையெழுத்தும் தேவையில்லை. பெரிய பதவிக்கு நேராகப் போனவர்களும் உண்டு. ராதிகா சிற்சபைஈசன் 2011இல் ஸ்காபரோவிலிருந்து முதல் தமிழ் எம்பியாக ஒட்டாவாவுக்குப் போனார். ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு கட்சி இருந்தது. நகரசபைக்கு நிற்பவருக்கு வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது, தன் பெயர் மட்டும்தான்.

தேர்தல் முடிந்ததும் பதாகைகளைக் கழற்றுங்கள். மறுவருடம் மார்ச் கடைசி வெள்ளி பிற்பகல் 2 மணிக்குள் கணக்கு அறிக்கை கொடுக்கவேண்டும், தோற்றவர்களும்தான். கொடுக்காவிட்டால் அடுத்த தேர்தலில் நிற்கமுடியாது. நேரத்துக்குக் கொடுத்தால் கட்டிய 100 டொலர் திரும்ப வரும்.