ஆற்றங்கரைப் பிள்ளைகள்: பெற்றோர் செய்யும் தவறுகள்

டெல்டாவில் வாசலைத் தாண்டினால் தண்ணீர்தான். காவிரி, வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு போக ஊருக்கு ஊர் வாய்க்கால், கோயிலுக்கு ஒரு குளம். இங்கே "ஆற்றுப் பக்கம் போகாதே" என்று சொல்லிவிட்டுக் கடமை முடிந்ததாக நினைப்பதுதான் பெரிய தவறு. பிள்ளைகள் போகத்தான் செய்வார்கள்; நம்மிடம் சொல்லாமல் போவார்கள். தடை போட்டு வளர்த்த பிள்ளைக்கு நீச்சலும் தெரியாது, எந்தப் படித்துறையில் பாசி, எங்கே ஆழம் என்பதும் தெரியாது.

ஆண்டு முழுவதற்கும் ஒரே விதி வைப்பதும் உதவாது. சித்திரையில் ஆறு வெறும் மணல். கிரிக்கெட் நடப்பதே அங்கேதான். மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. நீர் இருப்பைப் பொறுத்து முன்பின் ஆகும். அந்தத் தண்ணீர் கல்லணையில் பிரிந்து வந்த பிறகு, நேற்று ஆடிய இடத்தை நம்ப முடியாது. மணல் அள்ளிய பள்ளங்கள் மறைந்துவிடும். முழங்கால் ஆழம்தானே என்று இறங்கினால் அடுத்த எட்டில் கால் தரையைத் தொடாது. காவிரியின் உபரி நீர் போகும் கொள்ளிடம் இன்னும் பொல்லாதது. வறண்டு கிடக்கும்போதே முக்கொம்பு அணையில் உபரி நீரைத் திறந்துவிடுவார்கள். ஆறு காய்ந்திருக்கும்போதே பிள்ளைகளை அழைத்துப்போய், பள்ளங்களையும் மதகடியில் அரித்த குழிகளையும் காட்டிவிடுங்கள். வெள்ளம் வந்தால் பள்ளம் இடம் மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நீச்சல் தெரிந்தவன் என்ற தைரியமும் ஆபத்து. குளத்தில் பழகிய நீச்சல் மதகுச் சுழலில் எடுபடாது. கான்கிரீட் சரிவு போட்ட வாய்க்காலில் கரையேறப் பிடிமானம் இருக்காது. மற்றதில் விட்டுக்கொடுக்கலாம், மதகருகே இறங்குவதில் மட்டும் பேரம் கூடாது. ஒருவன் தத்தளிக்கும்போது இன்னொருவன் குதித்து இருவருமே போய்விடுவதும் நடக்கிறது. கரையிலிருந்தே துண்டோ கயிறோ கழியோ நீட்ட வேண்டும், கத்தி ஆள் கூப்பிட வேண்டும் என்பதைச் செய்து காட்டிப் பழக்க வேண்டும்.

ஆடிப்பெருக்கன்று படித்துறையில் ஊரே நிற்கும். யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் நினைப்பார்கள். பன்னிரண்டு வயது அண்ணனிடம் தம்பியை ஒப்படைப்பதும் இதே கதைதான்.

பெண் பிள்ளைகளுக்கு நீச்சலே வேண்டாம் என்பவர்கள் பாதுகாப்பைக் காரணம் சொல்வார்கள்; உள்ளே இருப்பது ஊர் என்ன பேசும் என்ற பயம். தண்ணீருக்கு ஆண், பெண் தெரியாது.

எதை எப்போது அனுமதிப்பது? முதலில் நம்மோடு படித்துறை. பிறகு எங்கே, யாரோடு, எப்போது திரும்புவாய் என்று சொல்லிவிட்டுப் போகும் சுதந்திரம். அந்தச் சொல் தவறாத பிள்ளைக்கு அடுத்த ஊர் வரை சைக்கிள் கொடுக்கலாம்.

"மதகில் குதித்தோம்" என்று வந்து சொன்ன பிள்ளையை அடித்தால் அடுத்த முறை அது சொல்லாது. தண்ணீரோடு முடிந்துபோகும் விஷயமும் அல்ல இது. பிள்ளைகளிடம் தவறாக நடப்பவர்களில் பெரும்பாலோர் அவர்களுக்குத் தெரிந்தவர்கள்தான். உண்மை சொல்லி அடி வாங்கிய பிள்ளை அதையும் மறைத்துவிடும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ மனப்பாடம் செய்ய வையுங்கள். கட்டணமில்லை, பிள்ளைகளே அழைத்துப் பேசலாம்.