நெகட்டிவ் இரத்த வகையா? இரண்டாவது கர்ப்பத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

தாய்க்கு ஆர்எச் நெகட்டிவ் என்றால் இரண்டாவது பிள்ளைக்கு ஆபத்து என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தாயின் உடலில் டி எதிர்ப்பொருள் (பாசிட்டிவ் வகைக் குழந்தையின் இரத்த அணுக்களைத் தாக்கும் பொருள்) உருவாகிவிட்டதா? உருவாகவில்லை என்றால் இந்தக் கர்ப்பமும் மற்றவர்களுடையதைப் போலத்தான். உருவாகிவிட்டால் வழி வேறு.

கணவரின் இரத்த வகையை ஆய்வக அறிக்கையில் பாருங்கள், வாய்ச்சொல் போதாது. அவரும் நெகட்டிவ் என்றால் பிள்ளையும் நெகட்டிவ்தான், இந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. பாசிட்டிவ் என்றால் பிள்ளை பாசிட்டிவாக இருக்கக் குறைந்தது பாதி வாய்ப்பு உண்டு.

பிறகு முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். குழந்தையின் இரத்த வகை என்ன, ஆன்டி-டி ஊசி (இந்த எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுப்பது) எந்தத் தேதியில் எவ்வளவு போட்டார்கள், குழந்தைக்குக் கடும் மஞ்சள் காமாலை வந்து இரத்தம் மாற்ற நேர்ந்ததா என்று பாருங்கள். இடையில் கருக்கலைப்பு, கருச்சிதைவு, குழாய்க் கர்ப்பம், இரத்தம் ஏற்றியது எதுவானாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டிலேயே மாத்திரை போட்டுக் கலைத்ததுதான் அடிக்கடி விடுபட்டுப்போகிறது.

அடுத்தது இன்டைரக்ட் கூம்ப்ஸ் டெஸ்ட், தாயின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை. ஐசிடி என்று சீட்டில் எழுதுவார்கள். வெறும் வயிறு தேவையில்லை. ஊசி போட்டு மூன்று மாதத்துக்குள் எடுத்தால், ஊசியில் இருந்த எதிர்ப்பொருளே லேசான பாசிட்டிவ் காட்டக்கூடும். ஊசி போட்ட தேதியை ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள். பாசிட்டிவ் வந்ததும் பதற வேண்டாம். வேறு வகை எதிர்ப்பொருளாகவும் இருக்கலாம் என்பதால், எது என்று அடையாளம் காணும் பரிசோதனையும், எதிர்ப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் டைட்டர் அளவும் கேளுங்கள்.

ஐசிடி நெகட்டிவ் என்று வந்தால் தாராளமாகத் திட்டமிடலாம். இரத்த வகைக்காகத் தனியே இடைவெளி விடத் தேவையில்லை. கர்ப்பமானதும் முதல் பரிசோதனையிலேயே ஐசிடி, 28-வது வாரத்தில் மறுபடி ஐசிடி. அந்த வாரத்தில் முதலில் இரத்தம் எடுத்துவிட்டுத்தான் 300 மைக்ரோகிராம் ஆன்டி-டி போட வேண்டும். வரிசை மாறினால் முடிவு குழம்பும். மேல்கைத் தசை நல்லது. இடுப்பில் போட்டால் மருந்து கொழுப்பில் தங்கி மெதுவாகவே இரத்தத்தில் சேரலாம். பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் குழந்தையின் வகை பார்ப்பார்கள். பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு இன்னொரு ஊசி. 28-வது வாரத்தில் போட்டாயிற்றே என்று இதை விடக் கூடாது. முதல் பிரசவத்தில் போட்டதும் இப்போது உதவாது, ஏனென்றால் ஊசியின் பலன் சுமார் மூன்று மாதம்தான். 72 மணி நேரம் தாண்டிவிட்டாலும் கைவிடாதீர்கள், பத்து நாள் வரையிலாவது போடுவதில் பலன் இருக்கலாம்.

ஒரு 300 மைக்ரோகிராம் ஊசி, தாயின் உடலுக்குள் கலந்த சுமார் 30 மில்லி குழந்தை இரத்தத்தைத்தான் சமாளிக்கும். நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்தது, கையால் நஞ்சுக்கொடியை எடுத்தது போன்ற பிரசவங்களில் அதைவிட அதிகம் கலந்திருக்கலாம். அப்போது எவ்வளவு கலந்தது என்று அளக்கும் கிளைஹவர் பரிசோதனை செய்து கூடுதல் அளவு தேவையா என்று கேளுங்கள்.

கர்ப்ப காலத்தில் இரத்தப்போக்கு, வயிற்றில் அடி, பனிக்குட நீர் எடுப்பது, தலைமாறிய குழந்தையை வெளியிலிருந்து திருப்புவது, இவை நடந்தாலும் அதே 72 மணி நேரக் கணக்குதான். 12 வாரத்துக்கு முந்தைய கருச்சிதைவில் ஊசி வேண்டுமா என்பதில் வழிகாட்டிகள் வேறுபடுகின்றன. மருத்துவர் முடிவு செய்வார்.

டி எதிர்ப்பொருள் உண்டு என்று உறுதியானால் ஆன்டி-டி ஊசி பயன்படாது. அது எதிர்ப்பொருள் உருவாவதைத் தடுக்கும், உருவானதை அழிக்காது. கர்ப்பம் தரித்ததும் டைட்டரை மாதம் ஒருமுறை, முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் பாருங்கள். 1:16-ஐ (சில ஆய்வகங்களில் 1:32-ஐ) எட்டினால் குழந்தையின் மூளை இரத்தக்குழாய் ஓட்டத்தை டாப்ளர் ஸ்கேனில் அளந்து இரத்தசோகை இருக்கிறதா என்று கண்டுபிடிப்பார்கள். முந்தைய குழந்தை கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தால் டைட்டரை நம்பிக் காத்திருக்கக் கூடாது. 16 முதல் 18 வாரத்திலேயே டாப்ளர் தொடங்க வேண்டும். தாயின் இரத்தத்திலிருந்தே குழந்தையின் ஆர்எச் வகையைக் கண்டறியும் டிஎன்ஏ பரிசோதனை கிடைக்கும் இடமானால் கேட்டுப் பாருங்கள். குழந்தை நெகட்டிவ் என்று வந்தால் பாதி அலைச்சல் மிச்சம். இரத்தசோகை கடுமையானால் கருப்பையிலேயே தொப்புள்கொடி இரத்தக்குழாய் வழியாக ஓ நெகட்டிவ் இரத்தம் ஏற்ற முடியும். அதனால் கரு மருத்துவப் பிரிவும் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சையும் உள்ள மருத்துவமனையில் ஆரம்பத்திலேயே பதிவு செய்யுங்கள்.

எந்த நிலையானாலும், பிரசவத் தேதிக்குச் சில வாரம் முன்பே இரத்த வங்கியில் உங்கள் வகையைச் சொல்லிவையுங்கள். நெகட்டிவ் இரத்தம் அவசரத்துக்கு எளிதில் கிடைக்காது. எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்குப் பொருத்தம் பார்க்கவும் கூடுதல் நேரமாகும்.