அம்பாசடர் முன்பக்கம் கடகடக்கிறதா? உப்புக்காற்று ஊர்க்காரர்களுக்கு

பாம்பன், மண்டபம், கீழக்கரை பக்கம் பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்கள் கிலோமீட்டரைப் பார்த்து சஸ்பென்ஷன் வேலைக்கு நாள் குறிக்காதீர்கள். வண்டி வாசலில் சும்மா நின்றாலும் உப்பு தன் வேலையைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கும், அதோடு தனுஷ்கோடி ரோட்டில் பறக்கிற மணலும் கிரீஸில் கலந்துவிட்டால் முன்சக்கரம் திரும்புகிற அச்சான கிங்பின்னும், அதைத் தாங்குகிற மூட்டான டிரனியனும் அம்மிக்கல்லில் அகப்பட்ட மாதிரி தேயும்.

முதலில் எது போயிருக்கிறது என்று பாருங்கள். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரின் மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் பக்கம். இதைப் பார்க்காமலே முழு செட்டையும் மாற்றச் சொல்கிற மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

பிரிப்பதற்கு முந்தின நாளே எல்லா நட்டுக்கும் துரு இளக்குகிற எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். சமதரையில் நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள், கடைசியில் வண்டி சாய்ந்து நின்றால் அந்தக் கணக்குதான் கைகொடுக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக்கூடாது, பாடிக்கு ஸ்டாண்டு கொடுங்கள்.

இனி டார்ஷன் பார். 1957-லிருந்து வந்த இந்த வண்டியில் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் கிடையாது, சக்கரத்தைத் தாங்குகிற கீழ்ப்பக்கக் கையிலிருந்து (கீழ்க்கை) பின்னோக்கி ஓடும் அந்த இரும்புத் தண்டு முறுக்கிக்கொண்டுதான் எடையைத் தாங்குகிறது. முறுக்கம் இருக்கும்போது எதையாவது கழற்றினால் கீழ்க்கை அடித்துவிடும். அதனால் கீழ்க்கைக்கு அடியில் ஜாக்கி வைத்து, மேல் இணைப்பைக் கழற்றி, முறுக்கு முழுதாக விடும்வரை மெதுவாக இறக்குங்கள். தண்டை உருவுவதாக இருந்தால் இரண்டு முனையிலும் பல் எங்கே உட்கார்ந்திருந்தது என்று பஞ்ச் என்கிற புள்ளி குத்தும் கருவியால் குறி போடுங்கள். இடது தண்டு இடதுக்கு, வலது வலதுக்குத்தான், ஒரே திசையில் முறுக்கிப் பழகியதை மாற்றிப் போட்டால் உடையும். தண்டின் உடலில் உளிக் கீறல் ஆகாது, விரிசல் அங்கேதான் தொடங்கும். துரு குழிகுழியாகத் தின்றிருந்தால் மாற்றிவிடுங்கள், இங்கே அது சகஜம். இறுகிப்போன நட்டை கேஸ் நெருப்பில் சூடாக்கச் சொல்வார்கள், தண்டுக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம், சூட்டில் அதன் பதம் போய்விடும்.

கிங்பின் புஷ்ஷை (அச்சு சுழல்கிற உறையை) நல்ல லேத்தில் கொடுத்து, துளையை அளவாகச் சீவுகிற ரீமர் போட்டுச் சரியாக்குங்கள், சுத்தியலால் அடித்து ஏற்றுவதோடு விடாதீர்கள். ரப்பர் புஷ்ஷுக்கு கிரீஸ் தடவக்கூடாது, சோப்புத் தண்ணீர் போதும். நட்டு கழலாமல் பிடிக்கிற ஸ்பிளிட் பின் எல்லாம் புதிதாகப் போடுங்கள்.

பூட்டும்போது நிறையப் பேர் கோட்டை விடுவது ஒன்று: சக்கரம் தொங்கும்போதே ரப்பர் புஷ் நட்டை முறுக்கிவிடுவார்கள், வண்டி தரையிறங்கியதும் ரப்பர் முறுகி சீக்கிரமே கிழியும். முதலில் லேசாக மட்டும் பிடித்து, வண்டியை இறக்கி முன்பக்கத்தை நாலு தடவை அமுக்கிவிட்டு, அப்புறம் முழுதாக முறுக்குங்கள். பிறகு அலைன்மென்ட். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் உயரத்தை மறுபடி அளந்து பாருங்கள்.

கிரீஸ் அடிக்கும்போது சக்கரம் தரையில் படாமல் தூக்கியிருக்க வேண்டும், அப்போதுதான் எடை அழுத்துகிற பக்கத்துக்கும் கிரீஸ் போகும். தனுஷ்கோடி போய் வந்தால் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பு என்றால் அதை அடிக்காதீர்கள், நல்ல தண்ணீர் நாலு குடம் ஊற்றிக் காயவிட்டு, அப்புறம் கிரீஸ் கன்னை எடுங்கள்.