வாசலில் கிடக்கும் செருப்பிலிருந்து தொடங்குங்கள்: வீட்டிலேயே படிக்கவைக்க ஒரு செய்முறை

நாங்கள் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறோம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்துப் பெண், என் கணவர் ஏனாம்காரர் (ஆந்திராவுக்கு நடுவில் இருக்கும் புதுச்சேரிப் பகுதி, அங்கே தெலுங்குதான்), வேலை மாற்றலில் இங்கே வந்தவர். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. மூன்று வருடமாக வீட்டிலேயேதான் பாடம். எப்படித் தொடங்குவது என்று என்னிடம் வந்து கேட்பவர்களில் பாதிப்பேர் வீடு பாடப்புத்தகப் படத்தில் இருக்கிற மாதிரி இருக்காது. மகள் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட, கடலூர் முதுநகரில் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் ஒரு ஆயா, லாஸ்பேட்டையில் தையல் மிஷினை நம்பித் தனியாக மகனை வளர்க்கும் ஒரு அக்கா, அம்மா முஸ்லிம் அப்பா கிறிஸ்தவர் என்று ஒரு வீடு, தத்தெடுத்த பெண்ணோடு ஒரு வீடு. இவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எங்கிருந்தோ ஒரு கால அட்டவணையை எடுத்து வந்து வீட்டை அதற்குள் திணிக்காதீர்கள், வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறதோ அதிலிருந்துதான் பாடம் வரவேண்டும்.

1. முதலில் சட்டமும் காகிதமும்

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை கல்வி கட்டாயம் என்கிறது, பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்றும் சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அதில் எதுவும் இல்லை. வீட்டுக்கல்வியைப் பற்றித் தனியாக ஒரு வரியும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு, வீட்டில் பெரியவர்களோடு பேசிய பிறகு முடிவெடுங்கள். பிள்ளை இப்போது பள்ளியில் இருந்தால் மாற்றுச் சான்றிதழை வாங்காமல் வெளியே வராதீர்கள். பின்னால் எந்தப் பள்ளிக்குத் திரும்பினாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

2. செருப்புப் படம்

தெரிந்த வீட்டுப் பிள்ளை ஒருத்தியிடம் பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள். அச்சடித்த தாளில் அப்பாவுக்கு ஒரு கட்டம், அம்மாவுக்கு ஒரு கட்டம், அவர்களுக்கு மேலே நான்கு கட்டங்கள். அவள் தத்தெடுக்கப்பட்டவள். எந்தக் கட்டத்தில் யாரை எழுதுவது என்று தெரியாமல் வெறும் தாளோடு வீட்டுக்கு வந்து அழுதாள். அதைக் கேட்ட அன்றைக்கு எனக்குத் தோன்றியதுதான் இது.

சாயங்காலம் பிள்ளையை வாசலில் உட்காரவைத்து, அங்கே கிடக்கும் செருப்புகளை எண்ணி வரையச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஜோடியும் யாருடையது, அவர்கள் எப்போது வருவார்கள், என்ன செய்யத் தெரிந்தவர்கள், என்ன மொழி பேசுவார்கள் என்பதை அவளே சொல்லட்டும், பக்கத்தில் நீங்கள் எழுதுங்கள். தினமும் வரும் பக்கத்து வீட்டு அத்தையின் செருப்பும் அதில் இருக்கும். துபாயில் இருக்கும் அம்மாவின் செருப்பு வாசலில் இல்லையே என்று பிள்ளை கேட்டால், வெளியூரில் இருப்பவர்களுக்கு என்று ஒரு வரிசை கீழே வரைந்துகொள்ளலாம். கட்டம் இல்லாததால் எந்த இடமும் காலியாகத் தெரியாது. உங்கள் ஆசிரியர் பட்டியலும் இதுதான், சுவரில் ஒட்டிவிடுங்கள்.

3. யாரிடம் எந்த நேரம், என்ன பாடம்

தையல்கார அக்காவுக்குக் காலை 6 மணி முதல் 7:30 வரைதான் ஓய்வு, அதற்குப் பிறகு வாடிக்கையாளர்கள் வந்துவிடுவார்கள். அந்த ஒன்றரை மணி நேரமே சின்னப் பிள்ளைக்குப் போதும் என்பது என் அனுபவம், 8 வயதுவரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்காரவைக்காதீர்கள். மற்ற நேரத்தில் அவன் மிஷின் பக்கத்திலேயே இருக்கிறான். மார்பளவு 40 அங்குலம், துணியை நாலாக மடித்தால் ஒரு பக்கம் 10, அதோடு தையலுக்கு விட வேண்டியது எவ்வளவு? டேப்பின் ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர், ஒரு அங்குலத்துக்கு 2.54. கால், அரை, முக்கால் எல்லாவற்றையும் அவன் கத்தரிக்கோலோடுதான் கற்றுக்கொண்டான்.

முதுநகர் ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, என்னால் என்ன சொல்லித்தர முடியும் என்று தயங்கினார். நான் சொன்ன வழி இதுதான்: ஆயா பேசட்டும், பேத்தி எழுதட்டும். மீன் வாங்கி வந்ததும் சங்கரா, நெத்திலி, வவ்வால் என்று ஆயா ஒவ்வொன்றாகச் சொல்வார், எது முள் அதிகம், எது குழம்புக்கு, எது வறுவலுக்கு என்பதையும் சொல்வார். பேத்தி அதை நோட்டில் எழுதி ஆயாவுக்கே வாசித்துக் காட்டவேண்டும். தப்பாக வாசித்தால் ஆயா உடனே பிடித்துவிடுகிறார், தான் சொன்னது அவருக்கு நினைவிருக்கிறதே! எழுத்து தெரியாத பெரியவர் இருக்கும் வீட்டில் இதைவிட நல்ல மொழிப்பாடம் நான் பார்த்ததில்லை.

4. இரண்டு மொழி வீடு

எங்கள் வீட்டு விதி: அப்பாவிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ், நடுவில் மாற்றுவதில்லை. எழுத்து மட்டும் முதலில் ஒரு மொழியில்தான். 247 எழுத்தையும் அட்டவணை போட்டுக் காட்டாதீர்கள். ட, ப, ம மூன்றையும் புள்ளியையும் காட்டினால் முதல் வாரத்திலேயே படம், மடம், பட்டம், மட்டம் என்று பிள்ளை வாசித்துவிடும். தமிழ் சரளமான பிறகு ஒரு வருடம் கழித்துத் தெலுங்கு எழுத்தைத் தொடங்கினோம். ‘பாம்பு’ என்பதில் வரும் இரண்டு பகர ஒலியும் வேறு வேறு, தமிழில் ஒரே எழுத்து, தெலுங்கில் தனித்தனி எழுத்து என்று கண்டுபிடித்துச் சொன்னது மகள்தான். அப்பாவைப் பெற்றவர் நானம்மா, என் அம்மா ஆயா. இந்த இரண்டு சொல்லையும் வைத்தே ஒரு காலை முழுக்கப் பேசினோம்.

5. பண்டிகையை வைத்து வானியல்

இரண்டு மதம், இரண்டு வழக்கம் உள்ள வீட்டில் நாள்காட்டியே அறிவியல் புத்தகம். ஏப்ரல் 14 பக்கத்திலேயே வரும் தமிழ் வருடப்பிறப்பு சூரியக் கணக்கு. உகாதி சந்திரக் கணக்கு, ஆனால் இடையிடையே ஒரு மாதம் கூடுதலாகச் சேர்த்துச் சூரியனோடு ஒட்டவைக்கிறார்கள். ரம்ஜான் முழுக்கச் சந்திரக் கணக்கு, வருடத்துக்கு சுமார் 354 நாள்தான், அதனால் ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் வரும். ஒரு மாதம் மொட்டைமாடியில் தினமும் நிலாவை வரையவிட்டு, அப்புறம் இதைச் சொல்லுங்கள்.

புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு வரலாற்றிலும் இப்படி ஒரு கேள்வி உண்டு. 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகும் இங்கே பிரெஞ்சு ஆட்சி இருந்தது, 1954 நவம்பர் 1-இல்தான் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது, சட்டப்படி முழுமையானது 1962 ஆகஸ்ட் 16-இல். 800 கிலோமீட்டருக்கு அப்பால் கோதாவரிக் கரையில் இருக்கும் ஏனாம் ஏன் நம்மோடு இருக்கிறது என்று மகன் கேட்டபோது, அவன் அப்பாவின் ஊர்க்கதையே பாடமாகிவிட்டது.

6. வெளியே போகும் நாள்

வாரத்தில் ஒரு நாள் போதும். ரோமன் ரோலண்ட் நூலகம், லாஸ்பேட்டை கோளரங்கம், அரிக்கமேடு. ரோமானிய ஜாடித் துண்டுகள் அரிக்கமேட்டு மண்ணில் கிடைத்தன என்று சொல்லிவிட்டு அங்கே போனால் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது, பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். அதனால் முதலில் அருங்காட்சியகம், அப்புறம் அரிக்கமேடு.

7. கோப்பும் தேர்வும்

சனிக்கிழமைதோறும் அந்த வாரத்து நோட்டுப் பக்கம் இரண்டு, ஒரு படம், படித்த புத்தகங்களின் பெயர், தேதியோடு ஒரு கோப்பில் போடுங்கள். 14 வயது நிறைந்தால் தேசிய திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ். வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். குறைந்தது 5 பாடம், பொதுத்தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை. ஒரே தடவையில் எல்லாவற்றையும் எழுதவேண்டியதில்லை, 5 வருடத்துக்குள் 9 வாய்ப்பு தருகிறார்கள்.

விண்ணப்பத்தில் சிக்கல் வருவது பாடத்தில் இல்லை, பெயரில். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், முதலெழுத்து எல்லாம் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தனியாக வளர்க்கும் அம்மா, ஆயா தாத்தா, தத்தெடுத்தவர்கள் இதை இரண்டு முறை பார்க்கவேண்டும், தத்தெடுப்பு ஆணையின் நகலையும் கோப்பிலேயே வைத்துவிடுங்கள். ஒரு எழுத்தைத் திருத்தவே மாதக்கணக்கில் அலையவேண்டி வரலாம், 13 வயதுக்கு முன்பே அந்த வேலையை முடித்துவிடுங்கள்.