மவுத் ஆர்கன் ஆம்ப்: ஊளை இல்லாமல் சத்தம் வேண்டுமென்றால் செய்யக் கூடாதவை

போன மே மாதம், கோடை விழாக் கூட்டம் மலையெங்கும் நிரம்பியிருந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம். ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்து விடுதி ஒன்றின் புல்வெளியில் நாலு பையன்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மவுத் ஆர்கன் வாசித்த தம்பிக்கு இருபது வயது இருக்கும். நல்ல மூச்சு, சுத்தமான ஸ்வரம். ஆனால் டிரம்ஸ் ஏறியதும் அவர் சத்தம் காணாமல் போய்விட்டது. குனிந்து, சத்தத்தைப் பெருக்கும் பெட்டியான ஆம்ப்பில் குமிழைத் திருகினார். கீய்ய்ய் என்று ஒரு ஊளை. முன்வரிசையில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அழுதது. குறைத்தார், மறுபடி காணாமல் போனார். முதல் அரைமணி முழுக்க இதே கதை.

இடைவேளையில் பஜ்ஜிக் கடையில் பேச்சுக் கொடுத்தேன். "ஆம்ப் பத்தல அண்ணா. நூறு வாட்ல ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். இஎம்ஐ போட்டு எடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் வாங்கியும் விட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒயர் லூஸ், மைக்கை பாக்ஸுக்கு நேராக நீட்டுவது மாதிரியான தவறுகளை எல்லாம் விட்டுவிடுகிறேன். அவற்றை ஒரு தடவை பட்டால் யாரும் திருத்திக்கொள்வார்கள்.

வாட்டைக் கூட்டினால் சத்தம் கூடும் என்று நம்புவது

என்னிடம் அப்போது இருந்தது 15 வாட் டியூப் ஆம்ப், அதாவது கண்ணாடி வால்வுகளால் ஓடும் பழைய பாணி ஆம்ப். சேலத்தில் கல்யாண வரவேற்புகளில் வாசித்துச் சேர்த்த காசு, அதோடு அந்த ஆம்ப்பை விற்ற காசு, இரண்டையும் போட்டு 100 வாட் கிடார் ஆம்ப் ஒன்று வாங்கினேன். விற்றவர், "ஸ்டேடியத்துக்கே பத்தும் சார்" என்றார். ஆடி மாதம், அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு தெருவில் கச்சேரி. புது ஆம்ப்பை என் முதுகுக்குப் பின்னால் வைத்து, குமிழை இரண்டுக்குக் கொண்டுபோனேன். ஊளை. ஒன்றரைக்கு இறக்கினால் பழைய ஆம்ப் அளவுக்குத்தான் சத்தம். மீதி எட்டரையும் எதற்கு இருக்கிறது என்று புரியவே இல்லை. அன்று இரவு அந்த இருபத்தெட்டு கிலோவையும் மூன்றாவது மாடிக்கு நானேதான் தூக்கிக்கொண்டு போனேன்.

நடப்பது இதுதான். மைக்குக்குள் போகும் சத்தத்தை ஆம்ப் பெருக்கி ஸ்பீக்கர் வழியே வெளியே தள்ளுகிறது. அதில் ஒரு பங்கு காற்றில் சுற்றி மறுபடி மைக்குக்கே வந்து சேர்கிறது. திரும்பி வரும் பங்கு முதலில் போனதைவிடச் சிறியதாக இருக்கும்வரை தொந்தரவு இல்லை. ஏதாவது ஒரு சுருதியில் அது சமமாகிவிட்டால் போதும், அந்தச் சுருதி தன்னைத் தானே வளர்த்துக்கொண்டு ஊளையாகிறது. இந்தச் சுற்றில் மூன்று விஷயங்கள்தான் பேசும்: மைக் எவ்வளவு வாங்குகிறது, ஆம்ப் எத்தனை மடங்கு பெருக்குகிறது, ஸ்பீக்கரிலிருந்து மைக்குக்கு எவ்வளவு திரும்புகிறது. வாட்டுக்கு இதில் இடமே இல்லை. வாட் என்பது ஆம்ப் அதிகபட்சம் எவ்வளவு தள்ள முடியும் என்கிற எல்லை மட்டும்.

ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. ஒரு வளைவில் எந்த வேகத்தில் திரும்பலாம் என்பதை அந்த வளைவுதான் முடிவு செய்யும். வண்டி எத்தனை சிசி என்பது அங்கே கணக்கில் வராது. அதே மைக், அதே இடம், அதே கைப்பிடி என்றால் 15 வாட்டும் 100 வாட்டும் கிட்டத்தட்ட ஒரே சத்தத்தில்தான் ஊளையிட ஆரம்பிக்கும். குமிழில் இருக்கும் எண் மட்டும்தான் வேறு.

ஊளையே வராவிட்டாலும் வாட் கணக்கு நினைப்பது போல ஏறாது. 15 வாட் 30 வாட் ஆனால் கூடுவது 3 டெசிபெல். காதுக்கு "இரண்டு மடங்கு" என்று தோன்ற சுமார் 10 டெசிபெல் வேண்டும்; அதாவது பத்து மடங்கு வாட். சிலர் ஆம்ப்பை விட்டுவிட்டு, அதே வாட்டில் அதிக சத்தம் தரும் ஸ்பீக்கராகப் பார்த்து மாற்றுகிறார்கள். ஊளைதான் உங்களைத் தடுக்கிறது என்றால் அதுவும் உதவாது. திரும்பி வரும் பங்கும் அதே அளவு கூடிவிடும்.

காசைச் செலவு செய்வதற்கு முன்னால் இந்த ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். மேடையில் நிற்கும் இடத்திலேயே நின்று, வாசிக்கும்போது பிடிக்கிற மாதிரியே மைக்கைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக வால்யூமை ஏற்றுங்கள். ஊளை முதலில் வருகிறதா, அல்லது எவ்வளவு திருகினாலும் சத்தம் கூடாமல் கரகரப்பு மட்டும் கூடுகிறதா? இரண்டாவது என்றால் ஆம்ப் உண்மையிலேயே சின்னது, பெரியது வாங்குங்கள். முதலாவது என்றால் பர்ஸை எடுக்காதீர்கள். நான் பார்த்த புதியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு முதலாவதுதான்.

இதைவிட மோசம், கிடார் ஆம்ப்பில் சத்தத்தை வேண்டுமென்றே கரகரக்க வைக்கும் ஓவர்டிரைவ் சேனலில் மவுத் ஆர்கனைப் போடுவது. கெயின் (முதல் கட்டப் பெருக்கம்) எட்டு, மாஸ்டர் (கடைசிக் கட்ட வால்யூம்) இரண்டு. வீட்டில் வாசித்தால் தடிமனாக, அழகாக இருக்கும். ஆனால் கெயின் ஏற ஏற, ஓங்கி ஊதும் சத்தம் ஒரு கூரையில் முட்டி நின்றுவிடுகிறது. சின்னச் சத்தமெல்லாம் அந்தக் கூரைக்குப் பக்கத்தில் ஏறிவிடுகிறது. நீங்கள் மூச்சு வாங்க நிறுத்தும் நொடியில் ஆம்ப் முழுப் பெருக்கத்தோடு காத்திருக்கும். ஊளை கிளம்புவது அந்த நொடியில்தான். வாசிக்கும்போது வராமல், நிறுத்தும்போது ஏன் வருகிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அதனால் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதல் கட்டத்தின் பெருக்கத்தைக் குறையுங்கள், கடைசிக் கட்டத்தைத் திறந்து விடுங்கள். கைக்குள் பொத்திய மைக்கிலிருந்து வரும் சிக்னல், கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் சாதாரண கிடார் பிக்கப் தருவதைவிட வலுவாகவே இருக்கும். முதல் கட்டம் குறைவாகப் பெருக்கினாலும் கடைசிக் கட்டம் நிறைந்துவிடும். டியூப் ஆம்ப் வைத்திருப்பவர்கள் இதற்காக முதல் வால்வை மாற்றுவார்கள். 12ஏஎக்ஸ்7 வால்வின் பெருக்க எண் 100. 12ஏடி7க்கு 60, 12ஏஒய்7க்குச் சுமார் 44, 12ஏயு7க்கு 20க்குள். சாக்கெட் ஒன்றுதான், கழற்றி மாட்டலாம். மவுத் ஆர்கன்காரர்கள் கொண்டாடும் ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்ப்பின் 1950களின் கடைசி மாடலில் முதல் இடத்தில் இருந்ததே 12ஏஒய்7தான். பிற்பாடு அதில் 12ஏஎக்ஸ்7 செருகிவிட்டு, "பேஸ்மேன் ஊளையிடுது" என்று வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். வால்வு மாற்றும்போது ஆம்ப்பை அணைத்து, ஆறவிட்டு மாற்றுங்கள். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரை எடுக்கும் வோல்டேஜ் நிற்கும்.

ஏற்காட்டுத் தம்பியின் ஆம்ப் டியூப் ஆம்ப் இல்லை. இரண்டாம் பாதி தொடங்கும் முன் கரகரப்பு சேர்க்காத கிளீன் சேனலுக்கு மாற்றி, கெயினை இரண்டில் வைத்து, மாஸ்டரை ஏழுக்குக் கொண்டுபோனோம். "சத்தம் ஒல்லியா இருக்கேண்ணா" என்றார். அந்தத் தடிமன் கையிலிருந்து வர வேண்டியது. அதைக் கீழே சொல்கிறேன்.

ஆம்ப்பைக் காதுக்கு நேராகச் சாய்த்து வைப்பது

தனக்கே கேட்கவில்லை என்று இப்படி வைப்பார்கள். காதுக்கும் வாய்க்கும் நடுவே ஒரு சாண்தான். காதுக்கு வருவது மைக்குக்கும் வரும். ஆம்ப்பை நகர்த்துங்கள். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபெல் குறையும். மூன்றடியில் இருந்ததை ஆறடிக்குத் தள்ளினால் அவ்வளவு இடம் சும்மா கிடைக்கிறது. மண்டபத்துக்குள் சுவர்கள் திருப்பி அடிப்பதால் அவ்வளவு கிடைக்காது, ஆனாலும் கிடைக்கும். உங்கள் உடம்பு மைக்குக்கும் ஆம்ப்புக்கும் நடுவே வருகிற மாதிரி நில்லுங்கள். தம்பியின் ஆம்ப்பை டிரம்ஸுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தோம்.

தரையில் வைக்காதீர்கள். நம் ஊர்ப் பந்தல் மேடைகள் பலகை மேடைகள். அடியில் வெற்றிடம், மேலே ஆம்ப்; பலகையே ஒரு மிருதங்கமாகிவிடும். அப்போது கீச்சென்று கத்தாது, ஊம்ம் என்று முனகும். நல்ல கனமான மர ஸ்டூல் ஒன்று போதும். சி மவுத் ஆர்கனில் ஆகக் கீழே உள்ள ஸ்வரம் 262 ஹெர்ட்ஸ், ஜியில் 196. 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள முனகலை மிக்ஸரில் வெட்டிவிட்டால் உங்கள் ஸ்வரம் ஒன்றும் குறைந்துபோகாது.

மைக்கை அரைகுறையாகப் பொத்துவது

இதுவும் காசு கேட்காத விஷயம். 1950களில் சிகாகோவில் லிட்டில் வால்டர் போன்ற ப்ளூஸ் மவுத் ஆர்கன்காரர்கள் மைக்கையும் மவுத் ஆர்கனையும் சேர்த்துக் கைக்குள் பொத்தி ஆம்ப்பில் வாசித்தார்கள். கை மூடி இருந்தால் மைக்குக்குள் போகும் சத்தம் பல மடங்கு ஏறும். அது ஏறிய அளவுக்குக் குமிழை இறக்கலாம். குமிழ் இறங்கினால் ஊளை தள்ளிப்போகும்.

இடது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மவுத் ஆர்கனின் ஓரத்தைப் பிடிக்கட்டும். மற்ற மூன்று விரலும் மைக்கின் தலையைச் சுற்றி வரட்டும். வலது உள்ளங்கை எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து மிச்ச இடத்தை மூடட்டும். இப்போது நான்காம் துளையை உறிஞ்சி நீட்டி வாசித்துக்கொண்டே, சுண்டு விரலை, பிறகு மணிக்கட்டை, பிறகு கன்னத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். ஏதோ ஒரு இடத்தில் கடைசி ஓட்டை அடைபட்டு, ஸ்வரம் சட்டென்று இருண்டு கனக்கும். அந்தப் பிடிதான் வேண்டும். தம்பிக்குக் கசிந்தது வலது கட்டை விரலடியில். அதை அழுத்தியதும் அவரே நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

பாடகர் மைக்கைக் கடன் வாங்கி வாசிப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். ஷூர் எஸ்எம்58 மாதிரி மைக்குகள் முன்பக்கத்தை அதிகமாகவும் பின்பக்கத்தைக் குறைவாகவும் கேட்பவை. பின்பக்கச் சத்தத்தைத் தள்ளுவதே வலைக்கு அடியில் இருக்கும் காற்று வழிகள்தான். கை அவற்றை மூடினால் மைக் எல்லாத் திசையிலும் கேட்க ஆரம்பிக்கும். பாதி பொத்தினால் இரண்டு பக்கமும் நஷ்டம்: திசையும் போச்சு, பொத்திய வலுவும் வரவில்லை. பொத்தினால் முழுசாகப் பொத்துங்கள், இல்லையென்றால் விலகி நின்று வாசியுங்கள். ஷூர் 520டிஎக்ஸ் போன்ற, கைக்குள் அடங்கும் புல்லட் மைக் ஆரம்பத்திலேயே எல்லாத் திசையும் கேட்பது, அதனால் பொத்துவதில் இழப்பு இல்லை.

ட்ரெபிளை ஏற்றி "எடுப்பாக" வைப்பது

மவுத் ஆர்கனில் எடுப்பு ஏற்கெனவே இருக்கிறது. ட்ரெபிள், பிரசென்ஸ் என்ற கீச்சுச் சத்தக் குமிழ்கள் இரண்டையும் இறக்குங்கள்; கீச்சு முதலில் கிளம்புவது அங்கேதான்.

ரீவெர்ப்

எதிரொலி சேர்க்கும் இந்தக் குமிழ் மேடையில் வேண்டாம்.

ஊர் முழுக்க ஆம்ப்பிலேயே கேட்கவைக்க நினைப்பது

மேடை ஆம்ப் உங்களுக்கும் பக்கத்தில் நிற்பவர்களுக்கும். மக்களுக்கு மைக்செட் இருக்கிறது. ஆம்ப்பின் துணிக்கு இரண்டு விரல் தள்ளி ஒரு மைக் வைத்து மிக்ஸருக்குக் கொடுங்கள். ஆம்ப்பின் குணம் அப்படியே வெளியே போகும். ஆனால் பாக்ஸ்கள் உங்களைத் தாண்டி முன்னால் நிற்க வேண்டும். கல்யாண மண்டபங்களில் இடம் இல்லை என்று மேடையின் பின்மூலைகளில் பாக்ஸை நிறுத்திவிடுவார்கள். அங்கே எந்தக் குமிழும் உங்களைக் காப்பாற்றாது. நேரத்தோடு போய், "அண்ணே, இதை நாலடி முன்னால தள்ளிக்கலாமா?" என்று சவுண்ட்காரரிடம் மரியாதையாகக் கேளுங்கள். கச்சேரி ஆரம்பித்த பிறகு கேட்டால் யாருக்கும் எரிச்சல்தான் வரும்.

மானிட்டரில் மவுத் ஆர்கனைப் போடச் சொல்வது

வாசிப்பவருக்குக் கேட்பதற்காகக் காலடியில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் உங்கள் கையைப் பார்த்தே இருக்கிறது. அதில் பாட்டு மட்டும் வரட்டும்.

மைக்கை காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவது

பழைய கிரிஸ்டல் மைக்குகளின் உள்ளே இருப்பது ரோஷெல் உப்பு என்ற படிகம். 55 டிகிரி செல்சியஸ் வாக்கில் அது கெட்டுவிடும், ஈரமும் ஆகாது. சித்திரை வெயிலில் சேலத்தில் கண்ணாடி ஏற்றிய கார் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும், ஏற்காட்டில் பனி காத்திருக்கும். மைக் சாகச் சாக வலு குறையும், வாசிப்பவர் காரணம் தெரியாமல் வால்யூமை ஏற்றுவார், ஊளை வரும். நான் ஒன்றை இப்படித்தான் இழந்தேன். இப்போது துணியில் சுற்றித் தோள்பையில் கூடவே வைத்துக்கொள்கிறேன்.

பாட்டுக்கு நடுவே திறந்தே விடுவது

மைக்கிலேயே வால்யூம் குமிழ் உள்ளதாக வாங்குங்கள், அல்லது ஒயரில் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி ஸ்வரம் முடிந்ததும் விரல் தானாக அதை இறக்க வேண்டும். தம்பியின் மைக்கில் குமிழ் இல்லை. இரண்டாம் பாதியில் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் மைக்கின் சுவிட்சைத் தட்டி அணைத்தார். ஏழு பாட்டில் ஒரே ஒருமுறை மறந்தார், அப்போது லேசாக ஒரு முனகல் வந்தது. முன்வரிசைக் குழந்தை அதற்குள் தூங்கியிருந்தது. கடைசிப் பாட்டில் டிரம்ஸ் முழு வீச்சில் போனபோதும் ஏரிக்கரைச் சாலையில் நின்றிருந்த எனக்கு மவுத் ஆர்கன் தனியாகக் கேட்டது.